ரோடு சரிஞ்ச வருசம் பொறந்தவன்

எனக்கு மொத்தம் மூணு வயசுங்க. சிரிக்காதீங்க. எஸ்டேட் ரைட்டர் நோட்டுல ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு, என்ற பொண்டாட்டி கண்ணாயி வாயில ஒண்ணு. மூணும் ஒண்ணை ஒண்ணு மூஞ்சி பாத்ததே கெடையாது.

எங்க ஆத்தா சாகற வரைக்கும் ஒரே பேச்சுதான். வெள்ளையா, நீ ரோடு சரிஞ்ச வருசம் பொறந்தவன்டான்னு சொல்லும். சேலத்துல இருந்து ஏற்காடு ஏறுற ரோட்டுக்கு இருவது கொண்டை ஊசி வளைவு. மழை அடிச்சா எது எப்பச் சரியும்னு மேல குந்தியிருக்கற சேர்வராயன் சாமிக்கே தெரியாது. இதுல எந்தச் சரிவுல நான் விழுந்தேன்னு ஆத்தா சொல்லாமயே போயிடுச்சு. நல்லதாப் போச்சுன்னு வேணுங்கற சரிவை நானே எடுத்துக்கிட்டேன். எஸ்டேட்டுல வேலை கேக்கும்போது பழைய சரிவு. பொண்ணு கேக்கப் போகும்போது புதுச் சரிவு. வயசுங்கறது எனக்குச் சட்டை மாதிரிங்க. எடத்துக்குத் தக்கன மாத்திக்குவேன்.

எந்தச் சட்டையும் பத்தாம நடுவாசல்ல நின்ன கதையைத்தான் இப்பச் சொல்றேன்.

எம்பத்தஞ்சாவது வருசம், காப்பிப் பழம் பறிச்சு முடிஞ்ச தை மாசம். எங்க ஊரு தலைச்சோலை. எஸ்டேட் ஆசுபத்திரிக்குப் புதுசா மரியபுஷ்பம்னு ஒரு நர்ஸம்மா வந்துச்சு. ஆளு ஓணான் மாதிரி ஒல்லி. கொரலு மட்டும் காப்பிப் பழம் அரைக்கற மிஷினு. நோவு வந்து மருந்து தேடாதீங்க, வராமப் பாருங்கன்னு ஊரையே ரெண்டு ரவுண்டு அதட்டிடுச்சு. அப்பறம் காலையில எங்களுக்குப் பேர் போடுற கொட்டாய் சுவத்துல ஒரு பெரிய அட்டையை ஆணி அடிச்சு மாட்டுச்சு.

எங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. மீதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். அதனால அட்டை பூரா படந்தான். வயசுக்கு ஒரு கட்டம். இருவது வயசுக்காரன் பீடியைக் கீழ போட்டு மிதிக்கறான். முப்பத்தஞ்சு பொண்டாட்டி புள்ளைங்களோட சிரிக்கறான். நாப்பத்தஞ்சு கையை வீசிக்கிட்டு நடக்கறான். அம்பத்தஞ்சு ஊசிக்குக் கையை நீட்டிக்கிட்டு ரத்தம் குடுக்கறான். அறுபது இருக்கறானே, அவன் சாய்வு நாற்காலியில காலை நீட்டிப் படுத்திருக்கான். பக்கத்துல ஒரு பொம்பளை டம்ளர்ல ஆவி பறக்க என்னமோ நீட்டறா.

அந்த அறுபதைப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க. நாமளும் மனுசனாப் பொறந்தா இப்படிப் படுக்கணும்னு தோணுச்சு.

அன்னிக்கே தலையில இன்னொரு இடி. கண்ணாயி மூச்சு வாங்குதுன்னு ஆசுபத்திரிக்குப் போனா. நர்ஸம்மா அவ கீழ் இமையை இழுத்துப் பாத்துட்டு, உள்ள ஒண்ணுமே செவப்பாக் காணோமே, ஒடம்புல என்ன தாயி ஓடுது, ரசமான்னு கேட்டுதாம். நாப்பது வயசுப் பொம்பளைக்கு ரத்தம் நொம்ப முக்கியமாம். இரும்பு மாத்திரை, கேவுருக் களி, முருங்கைக் கீரை, ஆட்டு ஈரல். அதோட மூணு மாசத்துக்கு ஊத்துல இருந்து தண்ணி தூக்கக் கூடாதாம். ஊட்டுக்காரர் தூக்கட்டும்னு சொல்லிடுச்சு.

இங்கதாங்க என்ற மானம் தொங்குச்சு. ஊத்து எங்க ஊட்டுக்குக் கீழ பள்ளத்துல. தொண்ணூறு படி. நாங்க காப்பி மூட்டை அம்பது கிலோ தூக்குவோம், அதுல பேர் இருக்குது. ஆனாக் குடம் தூக்க மாட்டோம். பக்கத்தூட்டு மூக்கன், அவன் பொண்டாட்டி அத்தாயி பிரசவத்தப்ப ஒரே ஒரு குடம் எடுத்தான். அந்தப் புள்ளைக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. இன்னும் அவன் பேரு குடத்து மூக்கன்தான். அவனுக்கு அந்தப் பேரை வெச்சதே நானுங்க.

அதனால ஒரு முடிவுக்கு வந்தேன். கண்ணாயி களி கிண்டிக்கிட்டு இருந்தா. பக்கத்துல போயிக் குந்தி, தொண்டையைச் செருமினேன்.

"ஏ புள்ள, யோசிச்சுப் பாத்தேன். எனக்கு அறுபது."

கிண்டற கை நிக்கவே இல்லை.

"அப்படீங்களா? எந்தச் சரிவுங்க?"

"பெரிய சரிவு. பாறை உருண்டு தொரையோட காரை நசுக்குச்சே, அது."

"எங்கப்பன் சின்னப் புள்ளையா இருந்தப்ப அந்தக் காருக்குள்ள ஏறி வெளையாடினாராமுங்க."

"நானுங் கூடத்தான் வெளையாடினேன்."

"சரிங்க. அறுபதுன்னா அறுபது."

பொண்டாட்டி இவ்வளவு சுளுவா ஒத்துக்கிட்டா ஆம்பளை பயப்படணுங்க. நான் படலை.

தண்ணிக்கு அத்தாயிகிட்டச் சொல்லிக்கிட்டா. நான் நாற்காலிக்கு எங்க போவேன். காப்பிச் சாக்கை மடிச்சுப் போட்டுக் காலை நீட்டினேன். டம்ளர் வந்துச்சு. படத்துல இருந்த மாதிரியே ஆவி பறந்துச்சு. குடிச்சேன். வெந்நி. காப்பி எங்க புள்ளன்னேன். அறுபதுக்குக் காப்பி படபடப்புங்க, நர்ஸம்மாவைக் கேட்டுட்டேன்னா. காப்பித் தோட்டத்துக்கு நடுவுல ஊடு, எனக்கு வெந்நி.

பீடிக் கட்டு காணாமப் போச்சு. அறுபது வழுக்கி விழுந்தா எலும்பு கூடாதுன்னு முருங்கைக் கம்பு ஒண்ணை வெட்டிக் கையில குடுத்துட்டா. முருங்கைக் கம்பு ஒரு ஆளைத் தாங்குமாங்க. அதுல ஊணி ரெண்டு தடவை விழுந்தேன். பொழுது சாய்ஞ்சாக் காதை மூடி மப்ளர். வேலைக்குப் போனா மேஸ்திரி, பெரியவரே பாத்து வாங்கன்னு என்ற கையைப் புடிக்கறான். மேஸ்திரி என்னை விட மூத்தவன். மூக்கன் வந்து, டவுன் கடைக்காரங்க எல்லாம் அறுபதாங் கல்யாணம் பண்றாங்களே, நீ எப்பண்ணா சோறு போடுவேன்னு கேட்டுட்டுப் போனான்.

எல்லாத்தையும் பொறுத்தேன். ஞாயித்துக்கெழமை வந்துச்சு. ஊட்டுக்குள்ள பன்னிக்கறி வறுபடற வாசம். அடுப்புல ஈரல் தனியா சுருளுது. தட்டைத் தொடச்சுக்கிட்டுக் குந்தினேன். எனக்கு முன்னால அரிசிக் கஞ்சி வந்துச்சு. உப்பு கெடையாது.

"கறி எங்க புள்ள?"

"அறுபதுக்குக் கொழுப்பு ஆகாதுங்க. உப்பு ஆகாது. பல்லும் ஆடும்."

"என்ற பல்லு ஒண்ணும் ஆடலை."

"ஆடுங்க. நாளைக்கு ஆடும். வராமப் பாக்கணும்னுதான நர்ஸம்மா சொல்லுது."

"அப்ப அந்த ஈரலு?"

"எனக்குங்க. ரத்தம் ஊறணுமாம்."

எனக்கு எதுத்தாப்புல குந்தி, ஒவ்வொரு துண்டா, மருந்து சாப்படற மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டுத் தின்னு முடிச்சா. அந்தக் கஞ்சிக் கிண்ணத்துல என்ற கண்ணீரு விழுந்துதாங்க கொஞ்சம் உப்பு சேந்துச்சு.

அடுத்த நாளே எறங்கிட்டேன். ஏ புள்ள, தப்பாச் சொல்லிட்டேன், அது வேற சரிவு, எனக்கு முப்பத்தஞ்சுன்னேன்.

"நம்ம மூத்தவ ராசாத்திக்கு இருவத்திமூணுங்க."

"அதுக்கென்ன?"

"பன்னண்டு வயசுல பெத்தீங்களா?"

"மலையாளு. குளுருல சீக்கிரம் வெளைஞ்சுட்டேன்."

சரிங்க, முப்பத்தஞ்சுன்னா முப்பத்தஞ்சுன்னா. கறிச் சட்டியில மிச்சம் இருந்ததையும் போட்டா. ஜெயிச்சுட்டேன்னு நெனச்சு வெரலைக் கூட நக்கினேன்.

மக்காநாள் விடிஞ்சதும் வாசல்ல நர்ஸம்மா நிக்குது, கையில நோட்டு. அந்த முப்பத்தஞ்சாங் கட்டத்துல புருசன் எதுக்குச் சிரிக்கறான்னு தெரியுமான்னு என்னைக் கேட்டுச்சு. புள்ளைங்களைப் பாத்தான்னேன். இல்லை, புள்ளைங்க போதும்னு ஆப்பரேசன் பண்ணிக்கிட்டதனாலதான் சிரிக்கறானாம். ஆம்பளைக்கு எறும்பு கடிச்ச மாதிரி இருக்குமாம். வியாழக்கெழமை சேலத்துக்கு ஜீப்பு போகுதாம். உங்களுக்குத்தான் மூணு புள்ளைங்க ஆயிடுச்சே, பேரு எழுதிக்கட்டுமான்னு பேனாவைத் தொறந்துச்சு. கண்ணாயி கதவோரம் நின்னு கூரையில ஓடு எத்தனைன்னு எண்ணிக்கிட்டு இருந்தா.

எனக்கு வேர்த்துப் போச்சுங்க. அறுபதுன்னா வெந்நி. முப்பத்தஞ்சுன்னாக் கத்தி. அம்பத்தஞ்சுன்னா ஊசி, ஊசின்னா எனக்கு ஒண்ணுக்கு வந்துரும். மனசுக்குள்ள அந்த அட்டையை மேலயும் கீழயும் பாத்தேன். ஒரே ஒருத்தன்தான் சந்தோசமா இருந்தான். கையை வீசிக்கிட்டு நடந்தானே, அவன்.

"நாப்பத்தஞ்சுங்கம்மா. சேர்வராயன் சத்தியமா நாப்பத்தஞ்சு. எழுதிக்குங்க."

எழுதுச்சு. கையெழுத்தும் வாங்கிக்கிச்சு. கண்ணாயி கிட்ட வந்து, மையில எழுதுனீங்களாம்மா, அழியாதுங்களேன்னு கேட்டா. அப்பறம் நாப்பத்தஞ்சுக்கு என்ன பண்ணணும்னு வெவரம் கேட்டா. பிரஷர் பாக்கணும், பீடியை விடணும், எண்ணையைக் கொறைக்கணும், தெனமும் ஒரு மணி நேரம் மேடு பள்ளம் ஏறி எறங்கி வேர்க்க நடக்கணும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போச்சு. நடக்கறது என்னங்க பெரிய வேலை. ஜோராத் தூங்கினேன்.

காலையில மீசையை முறுக்கிக்கிட்டு நடக்கக் கெளம்பினேன். வாசப்படியில ரெண்டு குடம்.

"ஏ புள்ள, இது என்ன?"

"ஊத்துக்கு நாலு நடைங்க, நடைக்கு ரெண்டு குடம். ஏறி எறங்கச் சரியா ஒரு மணி நேரம் ஆகும். இருவத்தஞ்சு வருசமா நான் நடந்த நடைதாங்க."

"அந்தப் படத்துல நாப்பத்தஞ்சுக்காரன் கை சும்மாதான இருக்குது?"

"அதை வரைஞ்சவனுக்குப் பொண்டாட்டி இல்லை போலிருக்குதுங்க."

சத்தியம் பண்ணியாச்சு, மையில எழுதியாச்சு. தலையில துண்டைப் போட்டு மறைச்சுக்கிட்டு எறங்கினேன். மூக்கன் அவன் வாசல்ல எந்திரிச்சு நின்னு, கையெடுத்துக் கும்பிட்டான். அதுதான் நொம்ப வலிச்சுது.

மூணு மாசம் ஓடுச்சு. கண்ணாயி இமையை நர்ஸம்மா இழுத்துப் பாத்தா, பழுத்த காப்பிப் பழம் மாதிரி செவப்பு. எனக்குத் தொப்பை போச்சு, இருமல் போச்சு, பிரஷரு வெடலைப் பையன் மாதிரி இருக்குதுன்னுச்சு. அதோட உட்டுருக்கலாம். பேர் போடுற கொட்டாயில என்னை எல்லாருக்கும் முன்னால நிறுத்தி, நாப்பத்தஞ்சுன்னா இப்படி இருக்கணும்னு காட்டிடுச்சு. கூட்டத்துல இருந்த பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க புருசனைத் திரும்பிப் பாத்தாங்க.

ஒரே வாரம். இப்பத் தலைச்சோலை ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் நாப்பத்தஞ்சு வயசுங்க. மூக்கனுக்கு நாப்பத்தஞ்சு. என்ற மருமவனுக்கு நாப்பத்தஞ்சு. போன வருசம் பேரனுக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச ஐயாக்கண்ணுவுக்கும் நாப்பத்தஞ்சு. ஊத்துல வரிசை நிக்குது. அத்தனை பேரும் என்னைப் பாக்கற பார்வை இருக்குதே, அதைச் சொல்லி முடியாதுங்க.

நைசாக் கேட்டுப் பாத்தேன். "ஒனக்குத்தான் ரத்தம் ஊறிடுச்சே புள்ள, இன்னும் எத்தனை நாளைக்கு எனக்கு நாப்பத்தஞ்சு?"

"அடுத்து ரோடு சரியற வரைக்குமுங்க. அப்ப வேற வயசு எடுத்துக்கலாம்."

மழைக்காலத்துக்கு நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன். மழைக்கு ஒரு மாசம் முந்தி ரோட்டு ஆளுங்க லாரி லாரியாக் கல்லு ஏத்திக்கிட்டு வந்து, இருவது வளைவுக்கும் சுவரு கட்டிட்டாங்க.