இன்னும் கொஞ்சம் பின்னால

கேமராவில் மகள் செந்தாமரையின் மூக்குத்தி மட்டும் தெரிந்தது. மகளைக் காணோம்.

"அண்ணே, அது தூரத்து லென்ஸு. பின்னால போய் எடுங்க" என்றான் அன்பு. நிச்சயதார்த்தத்துக்குப் பேசி வைத்திருந்த போட்டோகிராஃபர்.

தாண்டவராயன் பின்னால் போனார். ஒரகடத்துக் கார் கம்பெனியில் பம்பர் மாட்டுகிறவர். முழங்கை நீளத்துக்கு இருந்த அந்த லென்ஸ், போன மாதம் பிறந்தநாளுக்கு மனைவியும் மகளும் மச்சான் சின்னப்பையனும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. அதுவரை அந்த வீட்டில் அவர் பிறந்தநாளை யாரும் கண்டுகொண்டதே இல்லை. கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டிக் கண்கலங்கினார் மனிதர்.

கடைசி வரிசைக்குப் போனார். மாப்பிள்ளைக்குப் பாதிக் காது கிடைத்தது.

"இன்னும் கொஞ்சம் பின்னால, அண்ணே!"

மண்டப வாசலுக்கு வந்தார்.

"இன்னாய்யா, எங்க போற?" என்றாள் மனைவி காந்திமதி. "தட்டு மாத்த நேரமாவுது. பொண்ணப் பெத்தவன் நீதான மாத்தணும்?"

"ஒரே ஒரு போட்டோ. மொத்தக் குடும்பமும் ஒண்ணா வரணும். கூப்டு, ஓடியாந்துடறேன்."

வாசலில் வாழைமரம் மறைத்தது. கேட்டுக்கு வெளியே பேனர் மறைத்தது. ரோட்டைத் தாண்டி டீக்கடை பெஞ்சின் மேல் ஏறினார். ஆஹா! மேடை முழுக்கக் கச்சிதமாக வந்துவிட்டது. அழுத்தப் போனபோது குறுக்கே கம்பெனி பஸ் வந்து நின்றது. ஷிஃப்ட் விட்ட நேரம். அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

"எடுய்யா வண்டிய!" என்று கத்தினார். அவர் கம்பெனி பஸ்தான். உள்ளேயிருந்து கையாட்டினார்கள்.

பஸ்கள் நகர்ந்தன. லென்ஸில் வெற்றிலை, பழம், பட்டுப்புடவையோடு தட்டு துல்லியமாகத் தெரிந்தது. தட்டைப் பிடித்திருந்தது மச்சான் சின்னப்பையன். அவன் மோதிரத்துக் கல்கூடத் தெரிந்தது. பழக்கத்தில் விரல் அழுத்திவிட்டது. அவர் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல போட்டோ அதுதான்.

மூச்சிரைக்க மேடைக்கு ஓடினார்.

"ஏன் கூப்டல?"

"கூப்ட்டுக்கினேதான் இருந்தோம். நல்ல நேரம் முடியுதுன்னு ஐயர் குதிச்சாரு. தம்பி மாத்திட்டான். இப்ப இன்னா கெட்டுப் போச்சு?" காந்திமதி சம்பந்தியைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இருப்பது ஒரே மகள். இனி அவர் யாருக்குத் தட்டு மாற்றுவது? இதையாவது ஆசையாக வாங்கிக் கொடுத்தார்களே என்று லென்ஸைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார்.

அன்பு வந்து தோளைத் தட்டினான்.

"லென்ஸு சூப்பரா வேலை செய்யுதுண்ணே! உங்க வூட்டு கிரகப்பிரவேசத்துல என் கேமராவுக்கு முன்னால வந்து வந்து நின்னு போட்டோ எடுத்தீங்களே, நான் போட்ட ஆல்பம் பூரா உங்க முதுகுதான். நான்தான் அண்ணிகிட்ட சொன்னேன், அண்ணன் தூரமாவே நிக்கிற மாதிரி ஒரு லென்ஸு வாங்கிக் குடுத்துடுங்கன்னு."