நாற்காலியை நகர்த்தும் உரிமை

"அரசன் என்பவன் தன் கையால்..." என்று சாகும் தறுவாயில் கரடி ராஜா எட்டாம் உர்சோ ஏதோ சொல்லத் தொடங்கியது. முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. சுற்றி நின்ற பிரபுக்கள் மீதியைத் தாங்களாகவே நிரப்பிக்கொண்டன: "...எதையும் செய்யக் கூடாது."

இது நடந்தது மேற்கே, பனி கொட்டும் ஒரு காட்டில். பெயருக்குப் பஞ்சமோ என்னவோ, அங்கே எல்லா ராஜாவுக்கும் ஒரே பெயர்தான். எண் மட்டும் மாறும். அடுத்துப் பட்டத்துக்கு வந்த பேரக் கரடி, ஒன்பதாம் உர்சோ. அதற்குச் சட்டை மாட்ட ஒரு பிரபு, பொத்தான் போட ஒரு பிரபு, மூக்கைத் துடைக்க ஒரு பிரபு. எல்லாம் பரம்பரைப் பதவி. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைத்தால் அடிதடிதான்.

ஒரு கடுங்குளிர் நாளில் ஓநாய்ப் பிரபு அரியணைக்குப் பக்கத்தில் தீ மூட்டியது. நல்ல காய்ந்த விறகு. கொஞ்ச நேரத்தில் ராஜாவின் ரோமம் கருக ஆரம்பித்தது.

"அய்யா, சுடுது! அணையுங்கள்!"

"மூட்டுவதுதான் எங்கள் குடும்பம், மன்னா," என்றது ஓநாய். "அணைப்பது நீர்நாய்க் குடும்பம். ஒரு கல்யாணப் பந்தியில் தகராறு. அவர்களோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது."

"நாற்காலியையாவது தள்ளிப் போடுங்களேன்."

அவை அதிகாரியான வாத்து தொண்டையைக் கனைத்தது. "அது நரிப் பிரபுவின் உரிமை. அவர் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். விடுப்பு கொடுத்ததே நீங்கள்தானே, மன்னா?"

"சரி, நானே எழுந்து போகிறேன்."

"உங்களைக் கைபிடித்து எழுப்பவும் ஒரு பிரபு உண்டு. அவர் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்."

"அவரை எழுப்பித் தொலையேன்!"

"அவரை எழுப்பும் பதவிக்கு இன்னும் ஆள் போடவில்லை, மன்னா."

இருக்கிற குட்டி வாலிலும் பொறி விழுந்தது. தாத்தாவின் பாதி வாக்கியம் ராஜாவுக்கு ஞாபகம் வந்தது. '...தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்' என்றுகூட முடிந்திருக்கலாமே! துள்ளி எழுந்து, நாற்காலியைத் தன் கையாலேயே தள்ளிப் போட்டுவிட்டு, வெளியே ஓடிப் பனியில் உருண்டது.

ராஜா பிழைத்தார் என்று யாரும் மகிழவில்லை. "நரியின் வேலையைப் பறித்துவிட்டார்!" என்றுதான் அவையில் கூச்சல்.

மறுநாள் நரி வந்து கண்ணீர் விட்டது. "தலைமுறை தலைமுறையாகப் பார்த்த வேலை. இனி என் பிள்ளைகளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?"

வாத்து தீர்ப்புச் சொன்னது. "நாற்காலியை நகர்த்துகிறவர்தான் நாற்காலிப் பிரபு. பிரபு ராஜாவாக இருக்க முடியாது. ஆக, அரியணை காலி. வேலை போன நரிக்கு அதைக் கொடுத்துவிடலாம்."

அப்படியே நரி, பத்தாம் உர்சோ ஆனது.

"குளிர்கிறதே," என்றது புது ராஜா. ஓநாய் தீ மூட்டியது. அதே காய்ந்த விறகு.

"இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளப்பா."

இப்போது நாற்காலிப் பிரபுவாகிவிட்ட கரடி தள்ளியது. பிறகு கருகிய வாலைத் தடவியபடி பணிவாகக் கேட்டது: "மன்னா, மாமியாரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று..."

"அதற்கென்ன, தாராளமாகப் போய் வா."

கரடி உடனே கிளம்புவதென்று முடிவு செய்தது.

நீதி: அரியணையில் அமர்வதற்கு முன், அதை நகர்த்துகிறவருக்கு மாமியார் உண்டா என்று விசாரித்துக்கொள்க.