வரிசை வாத்தியார்

சராசரி என்ற சொல் காதில் விழுந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வரும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரோடு ஒரகடத்தில் ஒரே அறையில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் நான்.

தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் வாத்தியார். தொழிலாளர்களின் களைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி. அதற்கு ஆள் வேண்டுமென்று, கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்திருந்த எங்கள் ஐந்து பேரோடு வந்து ஒட்டிக்கொண்டார். எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்துவார். மெஸ் சாம்பார் எப்படி சார் என்றால், "இந்த வாரத்துல நாலாவது" என்பார். குறட்டையில் எனக்கு இரண்டாவது இடம். முதலிடத்தை அவரே வைத்துக்கொண்டார், பாவம், நேர்மையான மனுஷன்.

"மார்க் போட்டா என்ன சார் குத்தம்?" என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

"களைப்புக்கு நீ எட்டு போடுறே, அவன் நாலு போடுறான். நீ அவன மாதிரி ரெண்டு மடங்கு களைச்சுட்டியா? இன்னா தராசுல நிறுத்தே? எது ஜாஸ்தி, எது கம்மி, அத்த மட்டும் கேளு. மனுசனுக்கு அதான் தெரியும்."

வீட்டுக்காரம்மா ஒருமுறை, சராசரியாக ஆளுக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று கேட்டுத் தொலைத்தார். வாத்தியார் எங்களைக் குடக் கணக்குப்படி வாசலில் வரிசையாக நிறுத்தி, தானும் நின்றார். நடுவில் நிற்பவனைக் காட்டுவதுதான் திட்டம். ஆறு பேரில் நடு ஆள் ஏது? நடுவிலிருக்கும் இரண்டு பேருக்குச் சராசரி எடுக்கவேண்டும். செத்தாலும் எடுப்பாரா? "நீங்களும் வந்து நில்லுங்கம்மா, ஏழாயிடும்" என்றார்.

"இன்னா சார், தண்ணி எத்தினின்னு கேட்டா என்னிய லைன்ல நிக்க சொல்றே!" என்று அந்தம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியில், வாரத்துக்கு ஒருமுறை மாறிய ஷிப்டை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற ஆரம்பித்தார்கள். என் தூக்கம் போயே போச்சு. பிரஸ் மெஷினில் நின்றபடியே கண் சொருகி, ஒருநாள் கை உள்ளே போகப் பார்த்தது. பக்கத்திலிருந்தவன் இழுத்திராவிட்டால் இதை எழுத விரல் இருந்திருக்காது. ஆனால் கம்பெனி சர்வேயில் எல்லோரும் அஞ்சுக்கு அஞ்சு! சூப்பர்வைசர் தலைமாட்டில் நின்றால் வேறென்ன போடுவது? பிரமாதமான சராசரி என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

வாத்தியார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் எங்கள் கம்பெனி ஆட்கள் பதினேழு பேருக்குப் பெயரில்லாத சீட்டு கொடுத்தார்.

"நல்லது கெட்டதுன்னு எதுவும் சொல்ல வேணாம். பழைய முறை, புது முறை. எது உடம்புக்குத் தேவலையோ அதுக்கு ஒண்ணு, மத்ததுக்கு ரெண்டு. அவ்ளோதான்."

ஒரு புண்ணியவான் இரண்டுக்கும் ஒன்று போட்டு, 'இப்படிக்கு விசுவாசமுள்ள தொழிலாளி' என்றும் எழுதியிருந்தான். அந்தச் சீட்டை வாத்தியார் தனியே வைத்தார். மற்ற பதினாறிலும் புது முறைக்கு இரண்டாவது இடம்.

"பதினேழு பேரை வச்சு என்ன சார் ஆராய்ச்சி?" என்று, முடிவைக் கொண்டுபோய்க் காட்டிய வாத்தியாரைப் பார்த்து மேனேஜர் சிரித்தார்.

"காசு சுண்டுறீங்க சார். பதினாறு தரமும் பூவே விழுது. அப்பவும் அது நல்ல காசும்பீங்களா?"

சிரிப்பு நின்றது. அந்தச் சீட்டுகளை ஆராய்ச்சியிலிருந்து எடுக்காவிட்டால் கம்பெனியின் சம்மதக் கடிதம் கிடையாது என்றார் மேனேஜர். கடிதம் இல்லாவிட்டால் வாத்தியாருக்குப் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரி வேலையும் நிலைக்காது.

"எடுத்துருங்க சார், எங்களுக்குப் பழகிரும்" என்று கெஞ்சினோம்.

கேட்கவே இல்லை. பாதுகாப்பு ஆடிட்டுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களிடம், விசுவாசமுள்ள தொழிலாளியையும் சேர்த்து, பதினேழு சீட்டையும் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் வார ஷிப்ட் திரும்பி வந்தது. கடிதம் வரவே இல்லை.

வேறொரு ஊரில் முதலிலிருந்து ஆராய்ச்சியைத் தொடங்க மூட்டை கட்டினார். புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன்.

"ரெண்டு வருச உழைப்பு போச்சே சார்."

நிமிர்ந்து பார்த்தார். "இப்ப நல்லா தூங்குறியா?"

"தூங்குதேன் சார்."

"அப்ப சரி" என்று கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். தூங்கினாயா என்று என்னைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.