குதிரைகளுக்கு வாரம் பத்து காலன்

சஸ்காச்சுவான் மாகாணத்தில் லோன் வில்லோ என்னும் வட்டாரத்தில், 1934-ஆம் ஆண்டு இலையுதிர்காலம் வரை, கார் என்றால் என்ன என்பதில் ஒருவருக்கும் ஐயம் இருக்கவில்லை. ஐயம் இல்லாத இடத்துக்குத்தான் அரசாங்கம் விளக்கம் அனுப்பும். அனுப்பியது. நிவாரணச் சுற்றறிக்கை, பிரிவு நான்கு: "கார் என்பது தொழிற்சாலையில் செய்த உடலும், ரப்பர்ச் சக்கரங்கள் நான்கும், திருப்புவதற்கு வளையம் ஒன்றும், முன்புறம் விளக்குகள் இரண்டும் உடையது. அதை வைத்திருப்பவர் வசதி படைத்தவர். வசதி படைத்தவருக்கு நிவாரணம் இல்லை."

எஞ்சினைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. எஞ்சின் இல்லாமல் ஒருவர் காரில் போவார் என்று தலைநகரில் நாற்காலியில் இருப்பவருக்கு எப்படித் தோன்றும்?

குட்ருன் பிரெக்கும் அவள் கணவன் ஹால்வரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷமாக மழை பொய்த்து, கோதுமை விலை தரைக்கு வந்து, வயல் மண்ணே காற்றில் ஏறிப் பக்கத்து மாகாணத்துக்குக் குடிபோன பிறகு, பெட்ரோலுக்கு எங்கே போவது? ஹால்வர் எஞ்சினைக் கழற்றிக் கோழிக் கொட்டகையில் வைத்தான். முன் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த வழியாகக் கடிவாள வாரை நீட்டி, பிளாக்கன், ஸ்வார்த்தா என்ற இரண்டு குதிரைகளைப் பூட்டினான். நாடு முழுக்க இந்த மாதிரி வண்டிகளுக்குப் பிரதமரின் பெயரை வைத்திருந்தார்கள். அன்பினால் அல்ல.

இப்போது குட்ருனின் கவலையெல்லாம் அந்த இரண்டு குதிரைகள்தான். முட்செடியைத் தின்று அவற்றின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. நிவாரணத்தில் காய்ந்த புல்லும் ஓட்ஸும் கிடைத்தால் குளிர்காலத்தைத் தாண்டும். தாண்டினால் வசந்தத்தில் உழவு உண்டு. இல்லாவிட்டால் பண்ணையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

நிவாரண ஆய்வாளர் கிளாரென்ஸ் பிம்லாட் ஒருநாள் காலையில் நடந்து வந்தார். அவரிடம் கார் இருந்தது, அதில் எஞ்சினும் இருந்தது. சிக்கன நடவடிக்கையாக அதிகாரிகளுக்குப் பெட்ரோலை நிறுத்தியிருந்தார்கள். பன்னிரண்டு மைல் நடந்தும் அவருடைய கழுத்துப்பட்டை கோணாமல் இருந்தது. அவர் நேர்மையானவர். துறைக்கு அவரால் ஏற்பட்ட நஷ்டமெல்லாம் அந்த ஒரு குணத்தால்தான்.

"குடும்பத் தலைவரைக் கூப்பிடுங்கம்மா. நான் ஒரு ஆள்கிட்டதான் விசாரிக்கணும்" என்றார்.

"நானும் ஆள்தாங்க ஐயா. பொம்பளையும் சட்டப்படி ஆள்தான்னு லண்டன்லேர்ந்து தீர்ப்பு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. பேப்பர்ல படிக்கலையா?"

பிம்லாட் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அது தீர்ப்புக்கு முன்னால் அச்சடித்தது. இருந்தாலும் அவர் உட்கார்ந்தார்; அவள் வறுத்த பார்லியில் போட்ட காபியைக் கொடுத்தாள். உண்மையான காபியின் சுவை இருவருக்கும் மறந்து போயிருந்ததால் சங்கடம் எதுவும் இல்லை.

"உங்ககிட்ட கார் இருக்கு" என்றார் பிம்லாட்.

"எஞ்சின் இல்லீங்களே!" என்றான் ஹால்வர், வாசலில் நின்றபடி.

"விளக்கு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. எரியாது."

"எரியணும்னு சட்டம் சொல்லலையே. அப்ப அது கார்தான்."

"சரி, கார்னே வச்சுக்குங்க. குதிரைக்குத் தீனியாவது எழுதுங்க."

"பண்ணைக் குதிரைக்குத்தான் தீனி. இது காரை இழுக்குது. காரை இழுக்கறது எதுவோ அது காரோட பாகம். காரோட பாகத்துக்கு நான் எப்படிப் புல்லு எழுத முடியும்? நாளைக்கு ஒருத்தன் டயருக்குக் கேப்பான்."

"பொம்பளை ஆளுதான்னு ஒத்துக்கவே லண்டன் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. குதிரையைக் குதிரைன்னு ஒத்துக்க எங்கங்க ஐயா போகணும்?" என்றாள் குட்ருன்.

"ரெஜைனா போதும்" என்றார் பிம்லாட். அவர் கேலி செய்யவில்லை. மாகாணத் தலைநகர் அதுதான்.

குட்ருன் சுற்றறிக்கையை வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தாள். அதை அதுவரை யாரும் படித்ததில்லை. எழுதியவரும் படித்திருப்பார் என்று சொல்ல முடியாது. பிரிவு பதினொன்று: "நிவாரணப் பொருளை ரயில் நிலையத்திலிருந்து ஏற்றிச் செல்லும் காருக்கு, எஞ்சின் ஒன்றுக்கு வாரம் ஐந்து காலன் பெட்ரோல் வழங்கப்படும்."

"ஐயா, ஊர் நிவாரண மூட்டையை ரயிலடியிலேர்ந்து நாங்க ஏத்திட்டு வர்றோம். எங்க கார்ல எஞ்சின் வேலையைச் செய்யறது எது?"

"குதிரைங்க."

"எத்தனை?"

பிம்லாட் ஜன்னல் வழியாக எண்ணினார். பிறகு ஒருமுறை சரிபார்த்தார். "எழுதிக் கேட்கிறேன்" என்றார்.

'மிக அவசரம்' என்று குறிப்பிட்டதால் பதில் ஐந்தே வாரத்தில் வந்தது. "எஞ்சினின் பணியை ஆற்றுவது எஞ்சினே. தங்கள் கடிதத்தில் கண்ட எஞ்சின்கள் இரண்டு. நிறம் முறையே பழுப்பு, கறுப்பு. வாரம் பத்து காலன் பெட்ரோல் அனுமதிக்கப்படுகிறது. புல் எரிபொருள் அல்ல என்பதால் அதைக் குறித்த கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

முதல் பீப்பாய் வந்த அன்று ஹால்வர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிளாக்கன் மோந்து பார்த்துத் தும்மியது.

"இதை வச்சு என்ன பண்றது, குட்ருன்? குளிக்கவா?"

"வடக்கே மழை பெய்யுது. ஓட்ஸ் விலைபோகாம மலையாக் கெடக்கு. அங்க டிராக்டர் இருக்கு, பெட்ரோல் இல்ல. நீ வண்டியைப் பூட்டு."

நாலாம் நாள் வண்டி ஓட்ஸ் மூட்டைகளுடன் திரும்பியது. குதிரைகள் வயிறாரத் தின்றன. சனிக்கிழமை குட்ருன் பதிவேட்டில், "பத்து காலன் பெற்றுக்கொண்டோம், எஞ்சின்கள் முழுவதும் உட்கொண்டன" என்று கையெழுத்திட்டாள். அதில் பாதி உண்மை.

பக்கத்துப் பண்ணை ஒனுஃப்ரி இதை இரண்டு வாரம் கவனித்தான். மூன்றாம் வாரம் தன் காரின் எஞ்சினைக் கழற்றி நான்கு குதிரைகளைப் பூட்டினான்.

"அடப்பாவி, உன் எஞ்சின் நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சே!" என்றான் ஹால்வர்.

"ஓடி என்ன புண்ணியம்? ஒரு எஞ்சினுக்கு அஞ்சு காலன். எனக்கு இப்ப நாலு எஞ்சின்."

"நாலாவது பார்க்கக் கன்னுக்குட்டி மாதிரி இருக்கே?"

"சின்ன எஞ்சின்பா. ஓட ஓடப் பழகிக்கும்."

கிறிஸ்துமஸுக்குள் வட்டாரத்தில் அதுவரை எஞ்சின் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கழற்றிவிட்டார்கள். ரயிலில் வந்தது பதினெட்டு மாவு மூட்டை. ஏற்றப் போனது நாற்பத்து மூன்று கார். மூட்டைக்கு இரண்டு மூன்று கார் என்று பங்கு போட்டு, ஆளுக்கு ஒரு வாளி மாவை மடியில் வைத்துக்கொண்டு, நூற்றுப் பத்து எஞ்சின்கள் கனைக்க, ஊர்வலமாகத் திரும்பினார்கள். லோன் வில்லோவில் அத்தனை பெட்ரோல் ஒருநாளும் இருந்ததில்லை. அதை எரிக்கக்கூடிய கார் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது பிம்லாட்டுடையது. அவருக்குப் பெட்ரோல் கிடையாது. அவர் பனியில் நடந்தே கையெழுத்து வாங்கினார்.

"ஒரு வாளி ஊத்தட்டுமாங்க ஐயா?" என்று குட்ருன் ஒருதரம் இரக்கப்பட்டுக் கேட்டாள்.

"வேணாம்மா. அது எஞ்சினுங்களோட உணவு" என்றார் பிம்லாட்.

ஏப்ரலில் ரெஜைனாவிலிருந்து கடிதம் வந்தது. அதை வாசிக்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

"லோன் வில்லோவில் பெட்ரோல் நுகர்வு ஒரே குளிர்காலத்தில் இருபது மடங்கு உயர்ந்திருப்பதைத் துறை பேருவகையுடன் கவனித்தது. மாகாணத்தில் செழிப்பு திரும்பிய முதல் வட்டாரம் தங்களுடையதே. எனவே மாவு, நிலக்கரி, பெட்ரோல் உள்ளிட்ட நிவாரணம் அனைத்தும் இன்றோடு நிறுத்தப்படுகிறது. ஆய்வாளர் பதவியும் தேவையற்றதாகிறது."

பெஞ்சுகள் கொந்தளித்தன. "செழிப்பா? என் சட்டையைப் பாருய்யா!" என்று ஒனுஃப்ரி எழுந்தான். "நாங்க ஏழைங்கதான்னு எழுதிப் போடுங்க!"

"தாராளமா எழுதலாம்" என்றார் பிம்லாட். பதவி போன பிறகும் அவர் குரல் மாறவில்லை. "ஒரு வரி போதும். 'எங்க குதிரைங்க பெட்ரோல் குடிக்கல.' எல்லாரும் கீழ கையெழுத்துப் போடுங்க. முன்னாடி போட்ட கையெழுத்துகளோட சேர்த்து அனுப்பிடறேன்."

எல்லோரும் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். பூட்ஸில் பார்க்க அதிகம் இல்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார்கள்.

"என் கன்னு… கொஞ்சம் குடிச்சிருக்கும்னுதான் தோணுது" என்றான் ஒனுஃப்ரி மெதுவாக.

"கறுப்புக் குதிரை கொஞ்சம் அதிகமாவே குடிக்கும்" என்று ஹால்வர் தரையைப் பார்த்துச் சொன்னான். ஜன்னலுக்கு வெளியே பிளாக்கனும் ஸ்வார்த்தாவும் பளபளவென்று கொழுத்து நின்றன. நாளைக்கு உழவு.

வட்டாரம் செழிப்பாக இருக்கிறது, குதிரைகள் பெட்ரோல் குடிக்கும் என்று இரண்டு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. செய்தித்தாளிலும் வந்தது. மழைதான் அதை இன்னும் படிக்கவில்லை.

மறுவாரம் பிரெக் பண்ணை வாசலில் பிம்லாட் நின்றார். வேலை தேடி மேற்கே போக வேண்டும், பெட்ரோல் இல்லை. தன் காரின் எஞ்சினைத் தன் கையாலேயே கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய கழுத்துப்பட்டை கோணியிருந்தது.

"ரயிலடி வரைக்கும் காரை இழுக்க ஒரு குதிரை கிடைக்குமாம்மா?"

குட்ருன் ஸ்வார்த்தாவை அவிழ்த்துக் கொண்டுவந்து கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போங்க ஐயா. பெட்ரோல் மட்டும் நீங்க ஊத்திக்கணும்."