ஒரே ஒருத்தி படித்த வகுப்பில் முதல் நம்பர்

கூச்சக்காரிகளுக்குப் பொறாமை வராது என்று நினைத்துவிடாதீர்கள். வாய்விட்டுப் பேசாததால் அது உள்ளேயே கிடந்து கொதிக்கும்.

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது அடுத்த வீட்டு சரோஜா மேல் எனக்கு அப்படியொரு கொதிப்பு. அவள் மகன் தினேசு டவுன் பள்ளிக்கு வேனில் போவான். அங்கே கம்ப்யூட்டர் அறையாம், பாட்டுக்குத் தனி டீச்சராம். (காலையில் அந்த வேன் ஹார்ன் அடித்தால் எனக்குப் பசியாறல் இறங்காது.) அதே வயது என் மகள் மலர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டதும் பாதிச் சனம் வேலை தேடி ஈப்போவுக்குப் போய்விட்டது. மூன்றாம் ஆண்டு வகுப்புக்கும் நான்காம் ஆண்டு வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் மலருக்குப் பாடம் கிடையாது.

ஆனாலும் மலர் எப்போதும் முதல் நம்பர். (நான்காம் ஆண்டில் அவள் ஒருத்திதான்.)

கோயில் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிக்கும்போது சரோஜா ஆரம்பித்தாள்.

"எம்மவன் நாப்பது பேருல பதினெட்டாவது, அக்கா. டவுன் பள்ளி, சும்மா இல்லலா."

"எம்மக முதல் நம்பர்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"அப்படியா? எத்தன பேருல?"

"வெங்காயம் கண்ண எரிக்குது," என்று எழுந்து போய்விட்டேன்.

சரோஜாவுக்கும் வயிறு எரியும் என்று நான் யோசிக்கவில்லை. "அந்த மலரே முதல் நம்பர்னா எம்மவன் தூங்கிக்கிட்டே வாங்குவான்லா," என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த தவணைக்குப் பள்ளி திறந்ததும் மகனை இங்கேயே கொண்டுவந்து சேர்த்தாள்.

"நாலாம் ஆண்டு எங்க சார்?"

தலைமையாசிரியர் மலரைக் காட்டினார். "இதான்."

மலருக்குச் சோறு கொண்டுபோன நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சரோஜா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஊரெல்லாம் சொல்லியாயிற்று, மகனைத் திருப்பிக் கூட்டிப்போகவும் வழியில்லை.

பரீட்சை முடிவு வந்தது.

"அம்மா, நான் ரெண்டாவது!"

"அப்ப கடைசி யாரு?"

"அதுவும் நாந்தான்."

என்னிடம் இருந்த ஒரே பெருமையும் போனது. அது போதாதென்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "வீடு வீடாப் போய் நான் கெஞ்சியும் ஒரு பிள்ள வரல. இந்த அக்கா ஒரே வார்த்தைல கொண்டாந்துட்டாங்க!" பொன்னாடை வேறு போர்த்தினார். பலமாகக் கைதட்டியது சரோஜாதான். நான் பொன்னாடைக்குள் முகத்தை மூடிக்கொண்டேன்.

மலர் இன்று இன்னொரு சின்னத் தோட்டப் பள்ளியில் டீச்சர். பிள்ளை சேர்க்கும் காலம் வந்தால் போன் வந்துவிடும்.

"அம்மா, முதலாம் ஆண்டுக்கு ஆளே இல்லலா. அங்க யார் மேலயாச்சும் கொஞ்சம் பொறாமைப்படுங்களேன்."