பெயரில்லாதவரை வெளியேற்றலாமா?

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லாத கை, நகர மறுக்கிறது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன். கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். உங்கள் வீட்டில் தபாலை முதலில் பிரிக்கும் கை யாருடையது என்று நம் இருவருக்கும் தெரியும். போனில் பேசலாம் என்றால், உங்கள் போன் மணி அடித்தால் உங்கள் அத்தையின் காதில்தான் முதலில் விழுகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தையை என் வீட்டுக்குத் திருப்பி அனுப்பி வையுங்கள். இந்தக் கடிதமே அதற்காகத்தான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் மாமாவுக்கு மறை கழன்றுவிட்டது என்ற முடிவுக்கு நீங்கள் அவசரப்பட்டு வரமாட்டீர்கள், நிதானமாக யோசித்து வருவீர்கள்.

போன தடவை வந்தபோது உங்கள் பழைய கணினியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா. பணியிலிருந்த காலமெல்லாம் மின்தூக்கிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுத்தவன் நான், லிஃப்டுக்குள் ஏறும் முன் மக்கள் கவனிக்க வேண்டியவற்றை ஒரு வலைத்தளமாகப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடுத்தவன் தளத்தில் எழுதுவது வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி, சொந்த சர்வர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். "அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல மாமா, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்று சொன்னது நீங்கள். எந்தச் சாயங்காலம் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. லினக்ஸை நீங்களே போட்டுவிட்டு, மீதியை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். அப்பாச்சி என்பது வாசலில் நிற்கும் ஆள், யார் வந்து எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். மரியாடிபி என்பது உள்ளே சாமான் அடுக்கி வைக்கிற கிடங்கு. பிஎச்பி என்பவர் இரண்டுக்கும் நடுவில் ஓடியாடுகிறவர். இவ்வளவுதான் மாமா, என்றீர்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான், விடச் சொன்னவர் நீங்கள்.

காகிதத்தின் முதல் வரியே வினை. இயந்திரத்துக்கு ஒரு பெயர் வைக்கவும், வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கிற பெயராக இருக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அத்தையை நான் 'மேலிடம்' என்று கூப்பிடுவது ஊரறிந்த விஷயம். மேலிடத்தைக் கேட்டுச் சொல்கிறேன், மேலிடத்து உத்தரவு, மேலிடம் கோபமாக இருக்கிறது என்று இத்தனை காலம் குடும்பம் நடத்தியாயிற்று. அந்தப் பெயரையே வைத்தேன். மரியாதையாகத்தான் வைத்தேன், மாப்பிள்ளை. அது என்னடா என்றால், அதன் பிறகு திரையில் வருகிற ஒவ்வொரு வரியும் 'மேலிடம்' என்று தொடங்கி, அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கண்ணை இமைத்துக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தது. அசல் மேலிடம் அப்படிக் காத்திருந்ததே இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து இணையத்திலிருந்து ஏதோ இறக்கிக்கொண்டிருந்தேன், திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பாமலே விரலைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்றேன். அந்த நிமிஷம் கொஞ்சம் நீண்டுவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். நான் தலையைத் தூக்கிப் பார்க்கும்போது அவர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?"

"பொண்ணு வீட்டுக்கு. அந்தப் பெட்டிக்கும் என் பேரை வெச்சாச்சு, பேசறதுக்கும் அது போதும் போல. ஒரு வீட்டுல ரெண்டு மேலிடம் சரிப்படாது. எது வேணும்னு முடிவு பண்ணிச் சொல்லியனுப்புங்க."

வாயைத் திறந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் பை கீழே இறங்கியிருக்கும். நானோ பையை வாசல் வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

சரி, கோபம் தணிந்து வந்துவிடுவார், அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று மறுபடி உட்கார்ந்தேன். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு மின்தூக்கியைச் சோதிக்கும்போது அது ஓடுகிறதா என்று முதலில் பார்க்கக் கூடாது. அது இல்லாத மாடியில் கதவு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே வெறும் பள்ளம், அந்தக் கட்டடத்துக்குச் சான்றிதழ் கிடையாது. அதே முறைப்படி, அப்பாச்சியைப் போடுவதற்கு முன்னால், என் போனில் பெட்டியின் முகவரியை அடித்துப் பார்த்தேன். வாசலில் ஆள் இல்லை, பக்கமே வரக் கூடாது.

வந்தது. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரே ஒரு சொல். இருக்கேன்.

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போய் நின்று, தெருவில் ஆட்கள் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள்தான் ஏதோ விளையாட்டாக விட்டுப் போயிருப்பீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிறருக்கு எத்தனையோ முறை சொன்னவன் நான். அப்பாச்சியைப் போட்டேன். காகிதத்தில் சொன்ன மாதிரியே எல்லாம் சரியாக நடக்கிறது என்று ஒரு நீளமான இங்கிலீஷ் பக்கம் வந்தது. பழைய சொல்லைக் காணோம். அப்பாடா என்று உட்கார்ந்தேன்.

அடுத்தது கிடங்கு. அதைப் பத்திரப்படுத்துவதற்கு நீங்கள் ஒரு கட்டளை எழுதியிருந்தீர்கள், அதை அடித்தால் அது வரிசையாகக் கேள்வி கேட்கும், எல்லாவற்றுக்கும் 'ஆம்' சொல்லவும் என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள். முதல் கேள்விகளுக்கு ஆம் சொன்னேன். பிறகு கேட்டது: பெயரில்லாத பயனர் ஒருவர் இருக்கிறார், அவரை வெளியேற்றலாமா?

மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கொடியில் உங்கள் அத்தையின் துண்டு இன்னும் தொங்குகிறது. இருந்த ஒருவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்த நேரத்தில், யாரென்றே தெரியாத ஒரு ஜீவன், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர், அவரையும் பிடரியைப் பிடித்து வெளியே தள்ளட்டுமா என்று கேட்டால் எந்த மனுஷன் ஆம் என்பான்? 'இல்லை' என்று அடித்தேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

அன்றிலிருந்து பெட்டியில் ஒரு உறுமல். விசிறிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, மாடி வீட்டுக்கு வந்திருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூடியைக் கழற்றி, உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்.

"என்னப்பா, விசிறிதானே?"

"விசிறி சுத்தலையே சார்."

"சத்தம் வருதே?"

"அதான் சார் நானும் கேக்கறேன். சத்தம் வருது, விசிறி நிக்குது. வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

இல்லை என்றேன். அவர் மூடியைப் பாதி மட்டும் மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். டெஸ்டரை மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். தெருவில் பார்த்தபோது கூப்பிட்டுக் கொடுக்கப் போனேன், "நீங்களே வெச்சுக்கங்க சார்" என்று சைக்கிளை மிதித்துவிட்டார்.

பிஎச்பியையும் போட்டு, என் தளத்தைக் கட்டி, படிக்கிறவர்கள் கருத்து எழுத ஒரு இடமும் வைத்தேன். தளத்தின் முகவரி இன்னும் யாருக்கும் தெரியாது, உலகத்துக்குத் திறந்துவிடவும் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒரு கருத்து வந்திருக்கிறது. பெயர் போடும் இடம் காலி. 'வாசக்கதவு திறந்து கிடக்கு' என்று எழுதியிருக்கிறது. போய்ப் பார்த்தேன், திறந்துதான் கிடந்தது. திரும்பி வருவதற்குள் இன்னொன்று: 'பால்.' அடுப்பங்கரைக்கு ஓடினேன், பொங்கி வழிய ஒரு நொடிதான் பாக்கி. மத்தியானம்: 'சட்டைப் பித்தானை மாத்திப் போட்டிருக்கீங்க.' குனிந்து பார்த்தேன். மாறித்தான் இருந்தது, மாப்பிள்ளை. அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை, பெட்டிக்குக் கண்ணும் கிடையாது, கேமராவை நீங்கள்தான் கழற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள். முதுகை நாற்காலியில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் 'யார் நீங்க?' என்று அடித்தேன்.

பதில் வந்தது. 'ஒரு நிமிஷம்.'

அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. காத்திருந்தேன், காத்திருந்தேன், நாற்காலியிலேயே கால் மரத்துப் போயிற்று. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது, உறைத்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இந்தப் பழிவாங்கல் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வரும்! காகிதத்தின் அடியில், நீங்கள் உங்கள் வீட்டிலிருந்தபடியே இந்தப் பெட்டிக்குள் வந்து உதவுவதற்கு ஒரு கதவு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே. அந்தக் கதவு வழியாக உங்கள் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டு தட்டுகிறார், நீங்களும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறீர்கள்! கதவும் பாலும் பித்தானும் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். அதற்குக் கண் எதற்கு? என் வீட்டுக் கதவு எந்த நேரமும் திறந்துதான் கிடக்கும், பால் தினமும் பொங்கத்தான் செய்யும், பித்தானை நான் சரியாகப் போட்ட நாள் கல்யாணத்தன்று மட்டும்தான், அதுவும் வேறொருவர் போட்டுவிட்டது. கூட வாழ்ந்தவர் இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. திட்டவேயில்லை. ஒரு சொல் கடிந்து சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்றது, முழங்கால் வலி எப்படி என்றது, இருட்டுகிறது விளக்கைப் போடுங்க என்றது. இவ்வளவு பதமாக உங்கள் அத்தை என்னிடம் பேசிக் கேட்டதே இல்லை. பெண் வீட்டில் இருந்து மனசு இளகியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நானும் இளகிவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலை எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டி முன்னால்தான் உட்காருகிறேன். நேரில் வராத சொல்லெல்லாம் விரலில் வந்தது. நேற்று அதில் முழுசாக எழுதிவிட்டேன். அன்றைக்கு விரலைத் தூக்கியது தப்பு, உன்னை நிற்க வைத்தது தப்பு, நீ இல்லாமல் இந்த வீட்டில் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை, என்னை மன்னித்துவிடு, வந்துவிடு என்று எழுதினேன். எழுதும்போது கண் மறைத்தது, எழுத்துப்பிழை நிறைய இருந்திருக்கும். பதில் உடனே வந்தது.

'மன்னிச்சாச்சு. நான் எங்கயும் போகலையே.'

இதற்கு மேல் என்ன வேண்டும், மாப்பிள்ளை? அவர் மனசு இங்கேதான் இருக்கிறது. உடம்பு மட்டும்தான் உங்கள் வீட்டில் இருக்கிறது. முறைப்படி ஒருவர் சொல்லியனுப்பினால்தான் கிளம்புவார், கௌரவம் இடம் கொடுக்காது. இதோ சொல்லியனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அவரை வண்டியேற்றிவிடுங்கள். பெட்டியை அவர் வந்ததும் அணைத்து, பரணில் ஏற்றிவிடுவேன், இது சத்தியம். தட்டச்சுப் பழக்கிக் கொடுத்ததற்கு உங்களுக்குத் தனியாக என் நன்றி. ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம், நானே நேரில் சொல்லிச் சிரிக்க வைக்கிறேன்.

நீங்களும் என் மகளும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேசும்போது மற்றவர் முகத்தைப் பார்த்துக் கேட்டு, நீடூழி வாழ வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஆட்டோ நின்றது. உங்கள் அத்தை பையோடு இறங்குகிறார். நான் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டு, "மன்னிச்சாச்சுன்னு எழுதினியே, அப்பவே எனக்குத் தெரியும் நீ வந்துடுவேன்னு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் எங்க மன்னிச்சேன்? நீங்க எப்பக் கேட்டீங்க? பொண்ணு வீட்டுலயும் மாப்பிள்ளை எந்நேரமும் கம்ப்யூட்டரும் கையுமா இருக்காரு, அவ என்கிட்ட அழறா. இதுக்கு நம்ம வீட்டுக் கிறுக்கே தேவலைன்னு வந்தேன். அந்தச் சனியனை நான் கையாலயும் தொடலை. அது என்ன, மாப்பிள்ளை அங்கேர்ந்து அந்தப் பெட்டிக்குள்ள வர்ற கதவை நீங்க அடைச்சிட்டீங்களாம், முதல் நாளிலேர்ந்தே அவரால உள்ள நுழைய முடியலையாம். அதையும் உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, திட்டிக்கொண்டே அடுப்பங்கரைக்குள் போய்விட்டார். இப்போது பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கிறது. நான் பெட்டியின் பின்னால் இருக்கிற இணைய இணைப்புக் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். மின்சாரக் கம்பியையும் பிடுங்கிவிட்டேன். இரண்டும் என் மடியில்தான் கிடக்கின்றன. இவ்வளவு நாளாக நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டேன், யாரை வீட்டிலேயே இரு என்று சொன்னேன் என்பதை யோசித்து உடனே எழுதவும். நேரில் வந்தால் இன்னும் நல்லது. திரையில் இப்போது ஒரு வரி வந்திருக்கிறது, அப்படியே கீழே எழுதுகிறேன்.

'அடுப்பங்கரையில யாரு?'