பதினான்காம் துண்டில் நிற்கும் மரம்

தெஹியோவிட்ட,
கீழ்ப்பிரிவு லயம்.
பத்தாம் தேதி, மழை.

மதிப்புக்குரிய குமாரவேல் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் கிருஷாந்த் வணங்கி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழையும் நலமாகத்தான் இருக்கிறது; எட்டு நாளாக றப்பர் பால்வெட்டு இல்லை. ரம்புக்கனையில் அத்தையும் கடையும் உங்கள் முழங்காலும் எப்படி?

போனில் சொல்லியிருக்கலாம். ஒட்டுச்சுவர் லயத்தில் போன் பேசினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். ஐந்தாவது வீட்டுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். இருபதாம் தேதிக்குள் நீங்கள் வந்து, ஒரு மரத்தில் முனியாண்டி இல்லை என்று சொல்ல வேண்டும்.

பழைய றப்பர் மலையின் அடியில் வீடு கட்ட இருபது துண்டுகள் பிரித்திருக்கிறார்கள். பதினான்காம் துண்டு அம்மாவுக்கு. இருபத்தாறு வருடம் பால் வெட்டியவருக்கு முதல் நிலம். அம்மா குச்சியால் மண்ணில் கீறி வாசலையும் அடுப்படியையும் பிரித்துவிட்டார். எனக்கு ஓர் அறை. அதற்குக் கதவும் உண்டு.

நடுவில் ஒரு மரம்.

தானாக முளைத்த காட்டு மரம் என்றால் வெட்டிவிட்டு வீடு கட்டலாம். தோட்டக் கம்பனி நட்ட மரம் என்றால் அந்தத் துண்டே கிடையாது. இதுதான் ஒப்பீஸ் சட்டம். தோட்டத்தில் மரம் படித்தவன் நான் ஒருவன். பக்கத்து வீட்டு மீனாம்பாள் அக்கா சொல்வதுபோல, "புள்ள கெம்பஸ் போயி மரம் படிச்சிட்டு வந்திருக்கு. வேலதான் இன்னும் காய்க்கல."

பார்த்ததும் தெரிந்தது. அக்கேசியா. யாரும் நட்டதில்லை, றோட்டோரக் காட்டிலிருந்து விதை வந்து விழுந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், நீண்டு வளைந்த அதன் இலை யூக்கலிப்டஸ் இலையைப் போலவே இருக்கும். கம்பனி நட்டது யூக்கலிப்டஸ். பிரித்தறிவது சுலபம். யூக்கலிப்டஸ் இலையைக் கசக்கினால் தைல வாசம் வரும். அக்கேசியாவில் வராது.

துண்டுகளுக்குப் பொறுப்பான வெல்பெயார் ஐயாவின் உள்ளங்கையில் இலையைக் கசக்கி வைத்தேன். அவருக்கு அன்று கடும் சளி. நெற்றி, மூக்கு, தொண்டை எங்கும் தைலம். ஆழமாக முகர்ந்தார்.

"ஆ, என்னா வாசம்! யூக்கலிப்டஸ்தான் தம்பி."

"ஐயா, அது ஒங்க மூக்குங்க."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா என் காலை மிதித்தார். பிந்திவிட்டது. "அப்ப ப்ரூப் கொண்டாங்க," என்று ஐயா போய்விட்டார்.

பூ இல்லை. பழைய காய்கள் மழையில் மக்கியிருந்தன. ஒழுங்காக ஆராய்வது என்று முடிவு செய்தேன். ஆராயும் மரத்துக்கு முதலில் ஓர் அடையாளம் கட்டுவது எங்கள் வழக்கம். வீட்டில் கிடைத்தது மஞ்சள் நூல். கட்டினேன். கிளைகளைப் பார்ப்பதற்காக அண்ணாந்தபடி மூன்று முறை சுற்றி வந்தேன். வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டுப் போயிருந்தேன். மாமா, என் பிழை இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நூலுக்குக் கீழே ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது, யாரோ மறந்து விட்டுப் போனது என்று நினைத்து அம்மாவிடம் கொடுத்தேன், அம்மா ஊறுகாய் போட்டார், அன்று மாலை எனக்குக் காய்ச்சல், அது மழையில் நனைந்த காய்ச்சல்தான், ஆனால் மீனாம்பாள் அக்கா ஊறுகாய்ப் போத்தலைப் பார்த்துவிட்டார், அடுத்த நாள் மரத்தடியில் மூன்று எலுமிச்சம்பழமும் ஒரு கல்லும் இருந்தன, அதற்கு அடுத்த நாள் கல்லுக்குக் குங்குமம், புதன்கிழமை ஒரு சூலம், அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை, மறு வெள்ளி நான் கஞ்சி குடித்து எழுந்து போய்ப் பார்த்தபோது அங்கே பொங்கல் பொங்கிக் கொண்டிருந்தது, என்னைக் கண்டதும் கூட்டம் விலகி, "முனியாண்டிய மொதல்ல கண்டுபிடிச்ச புள்ளைக்கு வழிய விடுங்க," என்று என் நெற்றியில் திருநீறு பூசி, தோளில் மாலையும் போட்டுவிட்டது.

இலையைப் பற்றிப் பேசினேன். யாரும் கேட்கவில்லை. பொங்கல் நன்றாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. அக்கேசியா விதைக்கு ஓடு கெட்டி. சூடு பட்டால்தான் சுகமாக முளைக்கும். ஆய்வுகூடத்தில் கொதிநீரில் போடுவோம். பொங்கிய பானை அந்த வேலையைச் செய்துவிட்டது. இரண்டு வாரத்தில் கல்லைச் சுற்றிப் பதினேழு கன்றுகள். ஒவ்வொன்றிலும் புளியங்கன்று போலப் பொடிப்பொடிச் சிறகிலை. அக்கேசியாவின் குழந்தைப் பருவம் அதுதான். வளர வளரச் சிறகிலை மறைந்து, காம்பே தட்டையாகி இலைபோல நிற்கும். யூக்கலிப்டஸ் ஒருநாளும் இப்படிச் செய்யாது.

இதுதான் ஐயா கேட்ட ப்ரூப். சந்தோஷத்தில் உரக்கக் கத்திவிட்டேன்.

"இங்க பாருங்க! இது இந்த மரத்தோட புள்ளதான். தாய்க்கு ஒரு எல, புள்ளைக்கு வேற எல!"

மீனாம்பாள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அதத்தானே தம்பி நாங்களும் சொல்றோம். மனுச மரமா இருந்தா இப்பிடிப் பெக்குமா?"

அன்று மாலைக்குள் பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நேற்று வெல்பெயார் ஐயாவும் வந்தார். சளி இல்லை. இலையை முகர்ந்தார். "சரிதான், காட்டு மரம்தான்," என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு கல்லைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "ஆனா தம்பி, கோயில் இருக்கிற எடத்துல வீடு குடுக்க ஏலாது. இருவதாந் தேதி சர்வேயர் வாறாரு. அவருகிட்டச் சொல்லி இந்தத் துண்ட எடுத்துருவேன்."

அம்மா தான் கீறி வைத்த அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கோடுகள் மழையில் பாதி அழிந்திருந்தன. திரும்பி வந்து தேநீர் ஊற்றினார். சீனி போட மறந்துவிட்டார். அப்படியே குடித்தேன்.

மாமா, இந்தத் தோட்டத்தில் எது சாமி, எது வெறும் கல் என்று சொல்லி முடிக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். முப்பது வருடம் இங்கே உடுக்கடித்தவர். நீங்கள் வந்து, "இது சாமி இல்ல, போய் வேலையப் பாருங்க," என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு ஒரு பட்டம் இருக்கிறது. உங்களுக்கு ஓர் உடுக்கு இருக்கிறது. இங்கே எது எடுபடும் என்று இருவருக்கும் தெரியும்.

அத்தைக்கு என் வணக்கம். சுமித்ராவின் பரீட்சை நல்லபடி முடியட்டும். உங்கள் முழங்கால் படியேறும் அளவுக்குக் குணமாகட்டும், குறைந்தது இருபதாம் தேதிக்குள்.

உங்கள் ஆசியை நாடும்,
கிருஷாந்த்

பி.கு. (பதின்மூன்றாம் தேதி): மண் சரிந்து மூன்று நாளாக பஸ் இல்லை; கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்தது. இதற்கிடையில் சர்வேயர் மாத்தயா ஜீப்பில் முன்கூட்டியே வந்துவிட்டார். மரத்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். பிறகு, "கபு மாத்தயா கவுத?" என்று சிங்களத்தில் கேட்டார். பூசாரி யார் என்கிறார். அம்மா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளி, "மகே புத்தா," என்றார். என் மகன்.

பூசாரி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்காமல் வேறு எங்கே இருப்பது என்று சர்வேயர் வெல்பெயார் ஐயாவைக் கடிந்துகொண்டார். எல்லைக் குற்றியைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி அடித்தார். மரம் வெளியே, வீடு உள்ளே. பதினான்காம் துண்டு அம்மாவுக்கே. படிவத்தில் என் பெயருக்கு எதிரே, தொழில்: பூசாரி.

ஆகவே மேலே உள்ளதை அத்தைக்குக் காட்ட வேண்டாம். நீங்கள் கட்டாயம் வாருங்கள்; வந்து, முனியாண்டி இருக்கிறார் என்று சொல்லுங்கள். உடுக்கையும் எடுத்து வாருங்கள். எனக்கு ஒரு மந்திரமும் தெரியாது. இன்று காலை முதல் பூசை. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு, மரத்தின் தாவரவியல் பெயரையே, "அக்கேசியா ஆரிகுலிபோர்மிஸ், பேபேசியே," என்று மூன்று முறை நீட்டிச் சொன்னேன்.

மீனாம்பாள் அக்காவுக்குச் சாமி வந்துவிட்டது.